ரெண்டாவது பாட்டில்

தம்பி,

நேத்து நீ பேசிக்கிட்டு இருக்கும்போதே போன வச்சிட்டேன். லைன் கட்டாகல, நான்தான் வச்சேன். ஜொகூர்ல இருந்து நீ திரும்பத் திரும்ப அடிச்சதும் தெரியும், வேணும்னேதான் எடுக்கல. எடுத்திருந்தா வாயில வந்தத எல்லாம் பேசியிருப்பேன், அப்புறம் ரெண்டு மாசத்துக்கு நீ ஒரு பக்கம் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்ப, நான் ஒரு பக்கம். அதனால இன்னைக்குக் காலையில காப்பியக் குடிச்சிட்டு, சாப்பாட்டு மேசையில பேப்பர விரிச்சு எழுத உக்காந்துட்டேன். நான் பேசினா நீ நடுவுல பூந்து பேசுவ. பேப்பர்ல பூர முடியாது. கடைசி வரைக்கும் படி.

நீ எப்பவும் போல "எல்லாம் ஓகேதானேப்பா"ன்னு ஆரம்பிச்ச. நான் ஓகேன்னேன். அப்புறம் ஆஸ்பத்திரியில வலிக்கு மார்பின் தண்ணி மருந்து கொடுத்திருக்காங்க, பத்து நாளா குடிக்கிறேன், இடுப்பெலும்புல இருந்த குத்தல் பாதியாக் கொறஞ்சிருக்குன்னு உன்கிட்ட சந்தோஷமாத்தான் சொன்னேன். அதுக்கு நீ சொன்னது இன்னும் காதுலயே நிக்குது. "அந்த மருந்தத் தொடாதீங்கப்பா. அம்மாவக் கொன்னதே அதுதான்." அதோட விட்டியா? இங்க என்கூட இருக்குற உங்க அத்தைகிட்டயும் சொல்லி வச்சிருக்க, அப்பா கேட்டாலும் கொடுக்காதீங்க, பாட்டில எடுத்து ஒளிச்சு வைங்கன்னு. எனக்குப் புத்துநோய் எலும்புல எறங்கிடுச்சுன்னு டாக்டர் சொன்னப்பகூட இவ்வளவு ஆத்திரம் வரல. இன்னைக்கு நான் எந்திரிச்சு நடக்குறேன், என் மருந்த நானே ஊத்திக் குடிக்கிறேன். படுக்கையில விழுந்த பிறகு ஊத்திக் கொடுக்கப் போறது நீயும் உங்க அத்தையும்தான். அப்ப நான் வலியில துடிச்சுக்கிட்டுக் கெடக்க, நீங்க ரெண்டு பேரும் நல்லது பண்றோம்னு நெனச்சுக்கிட்டுப் பாட்டில அலமாரியில பூட்டி வச்சிருப்பீங்க. எனக்கு வேற எந்தப் பயமும் இல்ல, இந்த ஒரு பயம்தான்.

உங்கம்மாவ அந்த மருந்து கொல்லல தம்பி. கர்ப்பப்பையில வந்த நோய்தான் அவளக் கொண்டுபோச்சு. ஆனா நடுவுல அவ பட்ட அந்தப் பாடு, நீ கண்ணால பாத்தியே, அது மலச்சிக்கலால வந்தது. அத வர வச்சது நாம.

மலச்சிக்கல்னு படிச்சதும் மூஞ்சியச் சுளிச்சிருப்ப. எனக்குத் தெரியாதா? நம்ம ஆளுங்க எல்லாம் அப்படித்தான். நம்ம கரங்கான் டவுன் கடையில தே தாரிக் டீ குடிக்கிற கெழவனுங்களப் பாரு, சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, நெஞ்ச எங்க வெட்டித் தச்சாங்கன்னு சட்டையத் தூக்கிக் காட்டுவானுங்க. வெளிக்குப் போயி நாலு நாளாச்சுன்னு ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். செத்தாலும் சொல்ல மாட்டான். அந்த மானங்கெட்ட மானத்தாலதான் உங்கம்மா பதினோரு நாள் அடைச்சுக் கெடந்து நரகத்தப் பாத்தா.

அவள ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு அனுப்பினப்ப ரெண்டு பாட்டில் கொடுத்தாங்க. ஒன்னு வலிக்கு. இன்னொன்னு பெரிசு, பாகு மாதிரி கெட்டியா இனிப்பா இருக்கும், அதோட சின்னப் பழுப்பு மாத்திரையும் கொஞ்சம். மருந்து கொடுத்த பொண்ணு கண்ணாடிக்குள்ள இருந்து மலாய்ல தெளிவாத்தான் சொன்னா, ரெண்டும் தினமும் குடிக்கணும், மொத நாள்ல இருந்தே குடிக்கணும், அடைச்ச பிறகு குடிக்கலாம்னு இருக்காதீங்கன்னு. நான் மண்டைய மண்டைய ஆட்டினேன். வீட்டுக்கு வந்ததும் உங்க அத்தை கேட்டா, "அவளே ரெண்டு வாய் கஞ்சிதான் குடிக்கிறா, வயித்துல என்ன இருக்குன்னு வெளிக்குப் போக?" எனக்கும் அது ஞாயமாத்தான் பட்டுச்சு. ரெண்டாவது பாட்டிலக் கொண்டுபோயி ஐஸ் பெட்டியில தோச மாவுக்குப் பின்னால வச்சேன். வச்சது நான்தான், உங்க அத்தை இல்ல. அத மொதல்ல எழுதிக்கிறேன்.

மொத நாலஞ்சு நாள் அவ நல்லாத்தான் இருந்தா. வலி அடங்கி ரொம்ப நாளைக்கு அப்புறம் சாஞ்சு உக்காந்து டிவி பாத்தா. ஊரே வந்து பாத்துச்சு. கூலிம் பேக்டரியில அவகூட வேல செஞ்ச பொம்பளைங்க, கோயில் ஆளுங்க, என்கூட பஸ் ஓட்டின பழைய டிரைவருங்க. வந்தவங்க ஒருத்தர் விடாம கேட்டது ஒரே கேள்வி, சாப்பிட்டியா, என்ன சாப்பிட்ட, ஏன் சாப்பிடல. ஆப்பிள், பேரீச்சம்பழம், டின் டின்னா சத்து மாவு. நீயும் வாசல்ல செருப்பக் கழட்டும்போதே கேப்ப, சாப்டீங்களாம்மான்னு. பெரிய டாக்டர் மட்டும் வேற என்ன கேட்டாரு? சிரிக்கிற மூஞ்சியில இருந்து அழுவுற மூஞ்சி வரைக்கும் வரிசையாப் படம் போட்ட அட்டையக் காட்டி, எந்த மூஞ்சின்னு தொட்டுக் காட்டச் சொன்னாரு. அவ நடுவுல ஒன்னத் தொட்டா. அவரு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. வயிறு எப்படின்னு அவரும் கேக்கல.

கேட்டது ஒரே ஒரு ஆளு. வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போற மலாய்க்கார நர்ஸு, நம்ம மிஸ்ஸி. அவங்க வர முடியாத வாரத்துல போன்ல கேட்டாங்க. ஆஸ்பத்திரி பாரத்துல உன் நம்பரத்தான் எழுதிக் கொடுத்திருந்தோம். நீ அப்ப கூலிம்ல பன்னெண்டு மணி நேர ஷிப்டுல இருந்த. மிஸ்ஸி உனக்கு அடிச்சு, அம்மாவுக்கு வெளிக்குப் போகுதா, எப்பப் போனாங்கன்னு கேட்டிருக்காங்க. நீ பேக்டரி லைன்ல நின்னுக்கிட்டு, பக்கத்துல ஆளுங்க இருக்கானுங்களேன்னு, "ஓகே லா மிஸ்ஸி, எல்லாம் ஓகே"ன்னு சொல்லியிருக்க. வீட்டுக்கு ஒரு போன் அடிச்சுக் கேட்டிருக்கலாம். கேக்கல. ஒன்னத் திட்டுறதுக்காக இத எழுதல தம்பி. நீ போன் அடிச்சுக் கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரிஞ்சிருக்காது.

அப்புறம் வயிறு ஊத ஆரம்பிச்சுது. எதக் குடிச்சாலும் வாந்தி. ஒரு பக்கமாப் படுக்க முடியாம பொரண்டு பொரண்டு, கையால போர்வையப் பிச்சுக்கிட்டே இருந்தா. அத்தை சொன்னா, இந்த மருந்துதான் ஒத்துக்கல, நிறுத்துன்னு. நிறுத்துனோம். நிறுத்தினதும் பழைய வலி மொத்தமாத் திரும்பி வந்துச்சு. அதுக்கு மறுநாள் துணியெல்லாம் தண்ணியாப் போச்சு. நாங்க பேதின்னு நெனச்சோம். நான் மோட்டர்சைக்கிள எடுத்துக்கிட்டு கரங்கான் கடைக்குப் போயி, பேதி நிக்கிற மாத்திரை வாங்கிட்டு வந்து, என் கையாலயே ரெண்டு நாள் கொடுத்தேன். துணி மாத்தும்போதெல்லாம் அவ அழுதா. வலிக்கு அழல, துணிக்கு அழுதா. ஞாயித்துக்கிழமை நீ வந்தப்ப பாத்தியே, கண்ணு சொருகி, ஒன்ன அவ தம்பி பேரச் சொல்லிக் கூப்பிட்டாளே, அது அந்த நாளுதான். நீ கூலிமுக்குப் போற வழியெல்லாம் அழுதுக்கிட்டே வண்டி ஓட்டினேன்னு அப்புறம் சொன்ன. ஒன் கண்ணுல இன்னைக்கும் நிக்கிறது அந்த ஞாயித்துக்கிழமை. அடுத்து நடந்தத ஒன்கிட்ட யாரும் சொல்லல.

செவ்வாக்கிழமை மிஸ்ஸி வந்தாங்க. வயித்த அமுக்கிப் பாத்ததும் மொகம் மாறிப் போச்சு. கடைசியா எப்பப் போனாங்கன்னு என்னக் கேட்டாங்க. நான் பேதி போகுது மிஸ்ஸின்னேன். அது இல்ல, கெட்டியா எப்பப் போச்சுன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. முப்பத்தி நாலு வருசம் குடும்பம் நடத்தினவ, அவளுக்கு எந்தக் கொழம்புக்கு எவ்வளவு புளின்னு தெரியும் எனக்கு, இது தெரியல. அவகிட்டயே கேட்டாங்க. அவ வெரல மடக்கி மடக்கி எண்ணி, ஆஸ்பத்திரிய விட்டு வந்த அன்னைக்குன்னா. பதினோரு நாள். மிஸ்ஸி என்னப் பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லா ஏசினாங்க. எஸ்டேட்ல வளந்த ஆளுதானே நீ, கால்வாய் அடைச்சுக்கிட்டா ஓரமாத் தண்ணி வழியாதா, அந்தத் தண்ணியப் பாத்துட்டா கால்வாய் நல்லா ஓடுதுன்னு சொல்வியான்னு கேட்டாங்க. பேதின்னு நான் நெனச்சது அந்த ஓரத் தண்ணி. அதுக்கு மாத்திரை கொடுத்து நான் இன்னும் கெட்டியா அடைச்சேன். சாப்பிடாட்டியும் கொடலு தெனமும் கழிவ உண்டாக்கிக்கிட்டேதான் இருக்குமாம். வலி மருந்து கொடலத் தூங்க வச்சிரும், அத எழுப்பத்தான் ரெண்டாவது பாட்டில், ரெண்டும் சேந்துதான் ஒரு மருந்துன்னு சொன்னாங்க. ரெண்டாவது பாட்டில் எங்கன்னு கேட்டாங்க. நான் தோச மாவ நகத்திட்டு எடுத்துக் கொடுத்தேன், சீல்கூட ஒடைக்காம.

டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு, எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டு, என்ன மட்டும் இருக்கச் சொன்னாங்க. அன்னைக்கும் மறுநாளும் உள்ளுக்கு மருந்து வச்சு, கையுறை போட்டு, கொஞ்சம் கொஞ்சமா எடுத்தாங்க. நான் உங்கம்மா கையப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ரெண்டாவது நாள் மதியம் வயிறு எறங்குச்சு. மொகம் கழுவி விட்டேன். அவளே வாயத் தொறந்து ரசம் கேட்டா. ரெண்டு கரண்டி ஊத்திக் குடிச்சிட்டு, என்ன நேராப் பாத்துச் சொன்னா, "இத்தன பேரு வந்து சாப்டியா சாப்டியான்னு கேட்டீங்களே. வெளிக்குப் போனியான்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

நீயே சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவ சிரிச்சா. பேக்டரி கதையச் சொன்னா. ஒனக்குத் தெரியாது அது. அவ வேல செஞ்ச லைன்ல இருபது பொம்பளைங்க, கக்கூஸ் போறதுக்கு ஒரே ஒரு அட்டை. அத லீடர்கிட்ட வாங்கிக் கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் போகணும். ஒருத்தி போயிட்டு வந்தாத்தான் அடுத்தவ போகலாம். அடிக்கடி கேட்டா எல்லாருக்கும் முன்னால ஏச்சு விழும். பதினெட்டு வருசம் அடக்கி அடக்கிப் பழகினவ. இந்தக் காலத்துலயும் மனுசி கக்கூஸ் போக அட்டை கேட்டானுங்களே, அவனுங்க நல்லா இருப்பானுங்களா? இப்படி நான் கத்தினதும் அவ கேட்டா, உங்க பஸ்ஸு மட்டும் என்ன வாழ்ந்துச்சுன்னு. பேக்டரி பஸ் ஓட்டினது நான். கரங்கான்ல இருந்து கூலிம் வரைக்கும் ஏத்திக்கிட்டுப் போவேன். ஷிப்டு முடிஞ்சு வர்றவளுங்க, அண்ணே அவசரம், பெட்ரோல் ஊத்துற எண்ணெய்க் கடைகிட்ட ஒரு நிமிசம் நிறுத்துங்கன்னு கெஞ்சுவாளுங்க. அடுத்த டிரிப்புக்கு நேரமாச்சுன்னு நிறுத்தவே மாட்டேன். உங்கம்மா ஒரு தடவ கேட்டா. பொண்டாட்டிக்கு மட்டும் நிறுத்தினா மத்தவளுங்க கேப்பாளுங்கன்னு அவளுக்கும் நிறுத்தல. அன்னையில இருந்து அவ இந்த விசயத்துல என்கிட்ட எதுவும் கேட்டதில்லயாம். எனக்கு அந்த நாளே ஞாபகம் இல்ல. அவளுக்கு இருந்துச்சு.

அதுக்கப்புறம் பத்தொம்பது நாள் இருந்தா. அந்தப் பத்தொம்பது நாளும் வலி மருந்தும் ரெண்டாவது பாட்டிலும் சேத்துக் குடிச்சா. அடுப்படியில தொங்குற, ரேஸ் நாளுக்குக் குதிரப் படம் போட்ட குதிரைக் காலண்டர்ல, வெளிக்குப் போன நாளுக்கெல்லாம் பேனாவால வட்டம் போட்டா. ரெண்டு நாள் வட்டம் இல்லன்னா நான் மிஸ்ஸிக்கு அடிக்கணும்னு எனக்கு உத்தரவு. பேர் சொல்லி ஆளுங்களக் கூப்பிட்டா, என்ன ஏசினா, ஒன் கல்யாணத்துக்கு எந்தச் சேலைன்னு வரப்போற மருமககிட்ட பேசினா. கடைசி நாளு வரைக்கும் வலின்னு மொனகல.

நீ கேப்ப, அப்ப ஏன்பா என்கிட்ட சொல்லலன்னு. இங்கதான் என் தப்பு. அந்த வியாழக்கிழமை நீ வந்து, அம்மா தெளிவா இருக்காங்களேன்னு அதிசயமாக் கேட்ட. நான் என்ன சொன்னேன் தெரியுமா? மருந்த மாத்திட்டாங்கன்னு சொன்னேன். மாத்தவே இல்ல தம்பி. அதே மருந்து, இன்னும் கொஞ்சம் அளவு கூட. பொண்டாட்டி வயிறு அடைச்சிருந்துச்சு, கையால எடுத்தாங்கன்னு மகன்கிட்ட சொல்ல எனக்குக் கூச்சம். அந்த ஒரு பொய்யத்தான் நீ மூணு வருசமாத் தூக்கிக்கிட்டுத் திரியுற. பழைய மருந்து கொன்னுச்சு, புது மருந்து வர்றதுக்குள்ள நேரமாயிடுச்சுன்னு கணக்குப் போட்டுக்கிட்ட. இப்ப அதே பொய் என் பாட்டிலப் புடுங்க வருது. நேத்து ஒன்மேல வந்த ஆத்திரத்துல பாதி என்மேல வந்ததுதான்.

சனிக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்க. வந்ததும் ரெண்டு பாட்டிலயும் ஒரே தட்டுல வை. ஒன்னக் கொடுத்தா இன்னொன்னையும் கொடு, நான் சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும். ஒன் மாமியா அனுப்பின நார்ச்சத்துப் பொடிய எனக்குக் கலக்காத. நல்ல எண்ணத்துலதான் அனுப்பினாங்க, ஆனா தண்ணி நெறையக் குடிக்க முடியாதவனுக்கு அது உள்ள போயி சிமெண்டாட்டம் கெட்டிக்கும்னு மிஸ்ஸி சொல்லியிருக்காங்க. பப்பாளி கொடு, திங்குறேன், ஆனா பப்பாளியக் கொடுத்தாச்சுன்னு பாட்டில விட்டுடாத. காலையில சூடாக் குடிச்ச பிறகு என்னக் கூட்டிட்டுப் போயி உக்கார வை, காலுக்குக் கீழ சின்ன முக்காலி போடு, கதவச் சாத்திட்டுப் போயிடு, வெளிய நின்னுக்கிட்டு முடிஞ்சிச்சா முடிஞ்சிச்சான்னு கேக்காத. தண்ணியாப் போனா ஒடனே பேதின்னு முடிவு பண்ணி மாத்திரை வாங்க ஓடாத. வயிறு கல்லா ஊதி வாந்தியும் வந்தா, கைவைத்தியம் எதுவும் வேணாம், கூட ரெண்டு மடக்கு மருந்தும் வேணாம், மொதல்ல மிஸ்ஸியக் கூப்பிடு. மிஸ்ஸி ஒன்னக் கேட்டா, என்னக் கேட்டுட்டுப் பதில் சொல்லு.

இத ஒனக்கு மட்டும் அனுப்பல. ஒவ்வொரு பக்கமாப் படம் புடிச்சு நம்ம குடும்ப வாட்சாப் குரூப்ல போடப் போறேன். அத்தை படிக்கட்டும், ஒன் மாமியா படிக்கட்டும், மச்சான்மாருங்க எல்லாரும் படிக்கட்டும். கூச்சப்படுறவங்க கூச்சப்பட்டுக்கட்டும்.

இன்னும் ஒன்னு இருக்கு. எழுதலாமா வேணாமான்னு யோசிச்சதுல காப்பி ஆறிப் போச்சு. நானும் குதிரைக் காலண்டர்ல வட்டம் போட்டுக்கிட்டுத்தான் வந்தேன். போன வெள்ளிக்கிழமை சுங்கை பட்டாணி டவுன்ல ஒரு கல்யாணம். போற வழியிலயோ பந்தியிலயோ அவசரமா வந்துட்டா மானம் போயிடுமேன்னு வியாழக்கிழமை சாயங்காலம் ரெண்டாவது பாட்டிலத் தொடல. வெள்ளிக்கிழமையும் தொடல. இவ்வளவு பேசுற உங்கப்பன்தான். வியாழக்கிழமையோட வட்டம் நின்னு போச்சு. இன்னைக்குத் திங்கள். இதப் படம் புடிச்சுப் போட்டதும் மிஸ்ஸிக்கு அடிச்சுச் சொல்லிடுவேன்.

நேத்து நீ எல்லாம் ஓகேதானேன்னு கேட்டப்ப ஓகேன்னு சொன்னேனே, அது பொய். நீ கேட்ட கேள்வி அப்படி, என் பதிலும் அப்படி. இன்னைக்கு மறுபடி அடி, எடுக்குறேன். சாப்டீங்களான்னு ஆரம்பிக்காத. உங்கம்மாகிட்ட யாரும் கேக்காதத என்கிட்ட கேளு, பக்கத்துல எவன் நின்னாலும் சரி, சத்தமாக் கேளு. நான் உண்மையச் சொல்றேன்.

அப்பா